ஹெர்மினாவை இடம் மாற்றும் விண்ணப்பம்

வியன்னா, 18 அக்டோபர் 1946

லின்ஸில் இருக்கும் மச்சினி ஓட்டிலிக்கு, அத்தான் ஃபெர்டினாண்ட் மூட்டுவலி தவிர வேறு குறையின்றி எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

போன வருஷம் ஏப்ரல் சண்டையில் உன் அக்கா ஹெர்மினா செத்தபோது நான் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக் காவல்காரன்தான் எதிர்ப் பூங்காவில் மற்ற குழிகளுக்குப் பக்கத்தில் புதைத்து, பேர் எழுதிய பலகை நட்டான். அவளை நம் குடும்பக் கல்லறைக்குக் கொண்டுபோகணும், அவ்வளவுதானே? அதுதான் இல்லை. தோண்டி எடுக்கப் பட்டாளத்தின் அனுமதி முத்திரை வேணும். எங்கள் வட்டாரத்தை நாலு நாட்டுப் பட்டாளமும் மாசத்துக்கு ஒன்றாக ஆளுகிறது. மாசக் கடைசியில் பேண்டு வாசித்து, கொடி மாற்றி, முத்திரையையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்தவனிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அமெரிக்கன், "பெரியவரே, அந்தம்மாவை நேர்ல வரச் சொல்லுங்க"ன்னான். "அவ வந்தா நான் ஏன்யா இங்க நிக்கிறேன்?"னேன். எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்டான், பாவம். அதுக்குள்ள மாசம் முடிஞ்சுபோச்சு. ஆங்கிலேயன் டீ கொடுத்து, வீடு மாறுறவங்களுக்கான படிவத்தைக் கொடுத்தான். 'எப்போது திரும்புவார்?'னு ஒரு கேள்வி. அங்க பேனா ஓடலை ஓட்டிலி. கோடு போட்டேன். கோடு செல்லாதாம். பிரெஞ்சுக்காரன், "உங்க மனைவிதான்னு அத்தாட்சி?"ன்னான். "முப்பத்தோரு வருஷம் திட்டு வாங்கியிருக்கேன், போதாதா?"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான், முத்திரை மட்டும் குத்தலை.

தினமும் பூங்காவுக்குப் போய் இதையெல்லாம் அவகிட்டச் சொல்லுவேன். "ஒரு காரியம் உருப்படியா செய்யத் தெரியுமா உங்களுக்கு?"ன்னு அவ கேக்கிற மாதிரியே இருக்கும். உட்கார்ந்து அழுதுட்டு வருவேன்.

இன்னைக்கு ரஷ்ய ஆபீசில் ஒரு பெண் சார்ஜெண்ட். மனுவைப் படிச்சா. "எங்கம்மாவை எங்க புதைச்சாங்கன்னே எனக்குத் தெரியாது தாத்தா"ன்னு சொல்லி, டப்புனு குத்திட்டா! செவ்வாய்க்கிழமை தோண்டுறாங்க. இறந்தவர் திருநாளுக்கு முன்னாடி உன் அக்கா நம்ம இடத்துக்கு வந்துடுவா. நீயும் எப்படியாவது ரஷ்யப் பகுதியைத் தாண்டப் பாஸ் வாங்கி வந்துடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்களைக் காக்கட்டும்.

அன்புடன்,
ஃபெர்டினாண்ட்

பி.கு.: தபாலில் போடாம வச்சிருந்தேன். தோண்டியாச்சு. அது ஹெர்மினா இல்லை. ரெட்டைச் சடை போட்ட சின்னப் பொண்ணு. குளிர்காலத்தில பலகைங்க விழுந்து, யாரோ மாத்தி நட்டிருக்கணும்னு காவல்காரன் தலையில அடிச்சுக்கிட்டு அழறான். உன் அக்கா எங்க இருக்காளோ, தெரியலை. "மூடிடவா?"ன்னு தோண்டினவங்க கேட்டாங்க. வண்டி நிக்குது, அனுமதி கையில இருக்கு. ஹெர்மினான்னே கையெழுத்துப் போட்டு, அந்தப் பிள்ளையை நம்ம கல்லறைக்கே கொண்டுபோயிட்டேன். அதைத் தேடி யாரும் வரலை ஓட்டிலி. நீ கட்டாயம் வா. நாம ரெண்டு பேராவது அதுக்காக அழணும்.