அதிர்ச்சியற்ற மின்சிகிச்சை

குழந்தைகளுக்கான அரசு சிகிச்சை மையத்துக்கு ஒரு மின்தூண்டல் கருவி வந்து சேர்ந்தது. விண்ணப்பம் போனது நான்கு வருடங்களுக்கு முன்பு. 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததால் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது.

மையத்தின் பிசியோதெரபிஸ்டுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அவளிடம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். வலது பாதம் தொங்கிப்போய், நடந்தால் கட்டைவிரல் தரையைத் தேய்க்கும். முழங்காலுக்குக் கீழே கருவியின் இரண்டு பட்டைகளை ஒட்டிப் பொத்தானை அழுத்தினாள். சுருசுருவென்று ஒரு கூச்சம். பாதம் மெல்ல எழும்பியது.

"நான் தூக்கல, அதுவா தூக்குது," என்றாள் சிறுமி, தன் காலையே சந்தேகமாகப் பார்த்தபடி. அவளுடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாளே மின்பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். அலுவலகத்து மின்சாதனம் ஒவ்வொன்றுக்கும் 'ஷாக் அடிக்காது' என்ற சான்றிதழ் வேண்டும். பட்டைகளைத் தன் கையில் ஒட்டச் சொன்னார். விரல்கள் தானாக மடங்கின.

"ஷாக் அடிக்குதேம்மா."

"அதுக்குத்தான் சார் வாங்கினதே. ரொம்ப லேசான கரண்ட்."

"லேசோ பலமோ, படிவத்துல 'அடிக்கும்', 'அடிக்காது'ன்னு ரெண்டே கட்டம். 'அடிக்கும்'னு போட்டா சீல் வைக்கணும்."

ஆய்வாளர் இளகிய மனசுக்காரர். சற்று யோசித்துப் பேட்டரியைக் கழற்றினார். மறுபடி ஒட்டிப் பார்த்தார். "இப்ப பாருங்க, என்ன பாதுகாப்பா இருக்கு." சான்றிதழ் மையத்தில் தங்கியது, பேட்டரி அரக்கு முத்திரையோடு அவருடன் போனது.

தெரபிஸ்ட் தெருமுனைக் கடையில் வேறொரு பேட்டரி வாங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு வாரம் மூன்று நாள் சிகிச்சை, கூடவே பயிற்சி. ஐந்தாவது மாதம் சிறுமி தரையைத் தேய்க்காமல் வராண்டாவின் கடைசிவரை நடந்தாள்.

செய்தி துறை இயக்குநருக்குப் போனது. அவர் கோப்பைப் புரட்டினார். கருவி இருக்கிறது, பேட்டரி இல்லை, குழந்தை நடக்கிறது.

"கரண்டே இல்லாம குணமாக்கியிருக்கீங்க. எப்படிம்மா?"

உண்மையைச் சொன்னால் மெமோ, சொல்லாவிட்டால் பாராட்டு. தெரபிஸ்ட் அடக்கமாகத் தலைகுனிந்தாள். அடக்கம் நிபுணர்களுக்கே உரியது என்று இயக்குநர் குறித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஊரே பட்டைக்கு அலைந்தது. நன்றாக ஓடியாடும் பிள்ளைகளை, கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதென்று பெற்றோர் இழுத்து வந்தார்கள். இயக்குநரே கழுத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டு கோப்புகளில் கையெழுத்திட்டார். எல்லா மையத்து தெரபிஸ்டுகளுக்கும் பயிற்சி நடத்த அவளையே அனுப்பினார்கள், போனாள். பேட்டரி இல்லாத கருவியை மேடையில் வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் பேசினாள். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். தணிக்கைக்காரர் ஒருவர் மட்டும் எழுந்தார்.

"பேட்டரி வேண்டாம்னா, மெஷின் எதுக்கு?"

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

அடுத்த வாரமே ஆணை வந்தது. பட்டைகளே போதுமெனத் தெரியவருவதால், கருவிகள் அனைத்து மையங்களிலிருந்தும் திரும்பப் பெறப்படுகின்றன. பரிந்துரைத்த நிபுணர் என்ற இடத்தில் அவள் பெயர்.

கருவியை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியபோது, காலிரண்டும் தொங்கும் மகளைத் தோளில் போட்டபடி ஒருவர் வாசலேறினார்.

"காலைத் தூக்கிவிடுற மெஷின் இங்க இருக்காமே, மேடம்? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்."

"உட்காருங்க," என்று சொல்லிவிட்டு, தெரபிஸ்ட் இரண்டு பட்டைகளை எடுத்து, மிகக் கவனமாக ஒட்டினாள்.