கிரேக்கத் தயிரும் கிழக்கு வீதித் தேர்தலும்

நெருப்பு, சக்கரம், சிறுவாணித் தண்ணீர் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக மனித குலத்தை உய்விக்க வந்தது கிரேக்கத் தயிர்தான் என்பதில் பஞ்சாலை முதலாளி அரங்கசாமிக்குத் துளியும் சந்தேகமில்லை. சீமைக்கு இயந்திரம் வாங்கப் போனவருக்கு, திரும்பும் வழியில் கப்பல் பழுதாகிக் கிரேக்க நாட்டுத் துறைமுகம் ஒன்றில் தங்க நேர்ந்தது. இயந்திரம் இன்னும் வந்து சேரவில்லை. 'நாகரிகம்' மட்டும் கையோடு வந்துவிட்டது.

அவர் கோயமுத்தூர்க் கிழக்கு வீதி நாகரிக அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். வீதி முனையில் தண்ணீருக்கென்று பித்தளைக் குழாய் நட்டு, அதற்கு ரோஜா மாலை போட்டு, திறப்பு விழா நடத்திய பெருந்தகை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் ஜவுளிக்கடை அப்துல் கையூம். பதவி போனால் வீதியில் தலைகாட்ட முடியாதே என்று அரங்கசாமி மெய்யாகவே பயந்தார். ஆகவே, கையூம் நீங்கலாக எல்லா உறுப்பினர்களுக்கும் சனிக்கிழமை மதியம் கிடா விருந்து என்று அறிவித்தார்.

அவர் சொன்னபடியே மனைவி குழந்தையம்மாள் எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தாள். வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டுப் பிழிந்தாள். பூண்டை நசுக்கிச் சேர்த்தாள். கடைசியில் இங்கிலீஷ் மருந்துக்கடை ஆலிவ் எண்ணெய்ச் சீசாவைப் பார்த்துத்தான் தயங்கினாள்.

"ஏனுங்க, இது காதுவலிக்கு உடற எண்ணெயாச்சுங்களே?"

"இங்க காதுக்கு, அங்க வாய்க்கு. அதுதான் அம்மணி நாகரிகம்."

"சரிங்க. கறிக்கொழம்பு ஊத்துனப்புறம் வெக்கட்டுங்களா?"

"கூடாது! இதுதான் மொதல்ல. இதை ருசி பார்த்துக்கிட்டே பேசிட்டிருக்கோணும். அப்புறம் நான் கை தட்டுனாத்தான் சோறு."

"தயிரு மொதல்லயா? வேண்டாமுங்க. எந்திரிச்சுப் போயிருவாங்க."

"கிரேக்கத்துல ஒருத்தனும் எந்திரிக்கல!"

பந்தி அமர்ந்தது. முதல் இலையில் சூலூர்த் தம்பிதுரை; சங்கத்திலேயே மூத்தவர். அவர் இலையை மடக்காமல் யாரும் எழமாட்டார்கள். மடக்கியபின் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இலைக்கு ஒரு கரண்டி தயிர்க் குழைவும் இரண்டு ரொட்டித் துண்டும் விழுந்தன. அரங்கசாமி கிரேக்கத்தின் பெருமை குறித்துச் சொற்பொழிவு தொடங்கினார். சமையற்கட்டிலிருந்து கறி மணம் ஆளைத் தூக்கியது. ஆனாலும் சோறு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

தம்பிதுரை குழைவை வழித்துத் தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தயிர்தான் வந்தாயிற்றே, அதற்குப் பிறகு எந்த விருந்தில் என்ன வந்திருக்கிறது? இலையை மடக்கினார்.

"என்னங்க, அதுக்குள்ள?" என்று அலறினார் அரங்கசாமி.

"திருப்திங்க," என்று கும்பிட்டார் தம்பிதுரை.

"திருப்திங்க, திருப்திங்க" என்று பந்தி முழுவதும் எழுந்தது. அரங்கசாமி பதறிப்போய்க் கை தட்டினார். சொற்பொழிவு முடிந்ததாக்கும் என்று விருந்தினரும் மரியாதையாகக் கை தட்டினார்கள். சோற்றுக் குண்டாவோடு குழந்தையம்மாள் ஓடி வருவதற்குள் எல்லோரும் கையலம்பியாகிவிட்டது.

பசியோடு படியிறங்கிய முகங்களைப் பார்த்த மாத்திரத்தில், எதிர்ச்சாரியிலிருந்த கையூம் தம் வீட்டு அடுப்பில் பிரியாணி அண்டாவை ஏற்றச் சொன்னார். ஓட்டைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கசாமிக்கு விழுந்த ஓட்டு அவருடையது மட்டுமே. வீதி முனையில் தம்பிதுரையை மறித்துக்கொண்டார்.

"ஒரு கரண்டித் தயிருக்காகவாங்க என்னைத் தோக்கடிச்சீங்க? கொஞ்சம் பொறுத்திருந்தா சோறு பின்னாலயே வந்திருக்குமுங்களே!"

தம்பிதுரை பக்கத்தில் நின்ற பித்தளைக் குழாயைத் திருகினார். ஓர் எறும்பு வெளியே வந்து, வெயிலைப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

"வந்திருக்குமுங்க," என்றார் பணிவாக. "இதைத் தொறந்து வெச்சப்பவும் தண்ணி பின்னாலயே வருமுன்னுதானுங்க சொன்னீங்க."