ஹென்றி குடும்பத்தின் ஒரு மணி நேரம்

"மிஸ், நாங்க வரல. கார்லயே சண்டை. செராஸ்லயே யு-டர்ன் போட்டாச்சு."

வாட்ஸ்அப்பில் வந்த இந்தக் குரலை விவியன் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் யு-டர்ன்தான்.

குடும்ப ஆலோசனையில் முதுகலை படிக்கிறாள். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மையத்தில் பயிற்சி. இன்னும் ஒரே ஒரு மணி நேரம் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடும். அறையின் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து டாக்டர் பிரேமினி பார்ப்பார். காதுக் கருவியில் யோசனை சொல்வார். இன்று வெள்ளிக்கிழமை, மூன்று மணிதான் கடைசி வாய்ப்பு. தவறினால் இன்னொரு செமஸ்டர். சண்டையைத் தீர்க்க வரவேண்டிய குடும்பமே சண்டை என்று வராவிட்டால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அம்மா சாந்தமேரிக்குப் போன் போட்டாள்.

"மா, அப்பாவைக் கூட்டிட்டு உடனே நான் பயிற்சி எடுக்கிற சென்டருக்கு வா. வேற குடும்பம் மாதிரி நடிக்கணும். சொந்தக்காரங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாதுன்னு ரூல்ஸ்."

"முதல் வெள்ளிப் பூசைக்குப் போயிட்டு வந்து பொய் சொல்லச் சொல்றியா?"

"பட்டம் போயிடும் லா!"

"சரி, சரி. வரோம்."

அம்மா முகவரிகூடக் கேட்காமல் போனை வைத்தாள். இருந்த பதற்றத்தில் விவியனுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கிராப் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். நல்ல வேளை, வரவேற்பு மேசையில் குணேஸ்வரி அக்கா இல்லை, சாப்பிடப் போயிருந்தார்.

"பொய்ப் பேர் ஒண்ணு சொல்லுங்கப்பா, சீக்கிரம்!"

"ஹென்றி," என்றார் அப்பா இக்னேஷியஸ், யோசிக்காமல்.

"நடாலி," என்றாள் அம்மா.

பரவாயில்லையே என்று விவியன் நிம்மதியாக மூச்சு விட்டாள். அதற்குள் மாடி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்ட டாக்டரின் குரல் காதில் வந்தது.

"விவியன், ரெண்டு தலைமுறை இருக்க வேணும். பிள்ளை எங்கே?"

விவியன் சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மாவோ சாவகாசமாகக் கார் ஓட்டி வந்த யுகேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, ஒரு மணி நேரம் எனக்கு மகனா இருப்பியா?"

"அடுத்த ட்ரிப் இருக்கே ஆன்டி..."

"உள்ளே ஏர்கான் இருக்கு."

மகன் வந்தான்.

நால்வரும் உட்கார்ந்தார்கள். விவியன் தொண்டையைச் செருமினாள்.

"உங்க வீட்ல என்ன பிரச்சினை, மிஸ்டர் ஹென்றி?"

"மகள்."

"மகன்," என்று பல்லைக் கடித்தாள் விவியன்.

"இவன் தங்கம். பிரச்சினை மகள்தான்."

"அந்த மகளைப் பற்றி விசாரியும்," என்றது காது.

தலையெழுத்தே என்று தன்னைப் பற்றித் தானே விசாரித்தாள்.

"மீன் குழம்புல உப்பு இல்லைன்னேன்," என்றார் அப்பா. "'இது உப்பைப் பத்தின கோபம் இல்லப்பா, உங்க சின்ன வயசுக் கோபம்'ங்கறா. கடைசி வரைக்கும் உப்பு வரல."

யுகேந்திரன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஃபிரிட்ஜ் கதவுல எங்க குடும்பத்தையே படம் போட்டு ஒட்டியிருக்கா," என்றாள் அம்மா. "எனக்கும் அவருக்கும் நடுவுல சிவப்பா, வளைஞ்சு நெளிஞ்சு ஒரு கோடு. உறவுல இழுபறியாம்! வாரா வாரம் புதன்கிழமை கோயில்ல நொவேனா ஜெபத்துக்குப் போயிட்டு வந்தாத்தான் மனசு ஆறுது."

"அவங்க உங்க நல்லதுக்குத்தானே..."

"வக்காலத்து வேண்டாம்," என்றது காது.

"இந்தத் தம்பி, கார்ல ஏறினதும் 'சாப்டீங்களா ஆன்டி'ன்னு கேட்டான். என் மக அப்படிக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேசைக்கு அடித்தட்டில் இருந்த டிஷ்யூப் பெட்டியை அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"அழாதீங்க ஆன்டி," என்ற மகன், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அம்மா," என்றான்.

விவியனுக்குத் தான் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"அம்மா! போன வாரம் உனக்குத் தோசை வாங்கிட்டு வந்தது யாரு? நான்தானே!"

அந்தச் சத்தம் வரவேற்பு மேசை வரைக்கும் போனது.

"விவியன்," என்றது காது மெதுவாக, "அது ஆருடைய அம்மா?"

ஐந்து நிமிடத்தில் எல்லாரும் வரவேற்பு மேசை முன்னால் நின்றார்கள். சாப்பிட்டுத் திரும்பியிருந்த குணேஸ்வரி அக்கா பல் குத்திக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

"இந்த ஒரு மணி நேரத்தை உம்முடைய பயிற்சியில எழுத ஏலாது," என்றார் டாக்டர் பிரேமினி.

விவியன் அழுதேவிட்டாள். "முழுசா ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன் டாக்டர்! எங்கேயாச்சும் எழுதுங்க, ப்ளீஸ்!"

அப்பா சட்டென்று கூரையைப் பார்த்தார். அம்மா ஜெபமாலையைத் தேடிக் கைப்பையைத் துழாவினாள்.

குணேஸ்வரி அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்துத் தட்டிப் போட்டார்.

"நான் எழுதிக்கறேன் டாக்டர். புதன்கிழமை வர்ற ஹென்றி-நடாலி கேஸ்தானே? பிரச்சினை மககிட்டதான், அவளைக் கூட்டிட்டு வாங்கன்னு நாலு மாசமா சொல்லி, இன்னிக்குத்தான் ஒருவழியா கூட்டிட்டு வந்திருக்காங்க!"