இரண்டாம் கவுண்டருக்கு டாக்கிங் ஸ்டேஷன் வாங்கிய வரலாறு

ஒரு தேசத்தின் நாகரிகத்தை அதன் கோட்டைகளையும் கோபுரங்களையும் வைத்து அளப்பது அறியாமை. ஓட்டை போதாத ஒரு கம்ப்யூட்டருக்குச் சின்னதாக ஒரு பெட்டி வாங்குமுன் அந்தத் தேசம் எத்தனை தடவை கூடிப் பேசுகிறது என்பதே சரியான அளவுகோல். அந்தக் கணக்கில் நெதர்லாந்துக்கு ஈடு உலகத்தில் இல்லை. நெதர்லாந்தில் எங்கள் வோல்டர்சைல் நகராட்சிக்கு ஈடு இல்லை. பெட்டித் தேர்வுப் பணிக்குழுவின் தலைவனான நானே இதைச் சொல்வது அழகில்லைதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

எங்கள் இரண்டாம் கவுண்டரில் ஹிஸ்கே என்ற பெண் பாஸ்போர்ட் விண்ணப்பங்களை வாங்குகிறாள். பிறப்பு, இறப்புப் பதிவும் அவளிடம்தான். அவளுடைய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில், சுவரோரமாக, ஒரு இரும்புக் கூண்டில் பூட்டப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு! அதன் முதுகில் நான்கு ஓட்டைகள். கீபோர்டு, மவுஸ், போட்டோ ஸ்கேனர் மூன்றும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ள, மிச்சமிருக்கும் ஒரே ஓட்டைக்குக் கைரேகைக் கருவியும் கையெழுத்துப் பலகையும் போட்டி. ஆகவே ஆள் வரும்போதெல்லாம் ஹிஸ்கே மண்டி போட்டு உள்ளே போய் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகிவிட்டு வருவாள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் என் அறைக்கு வந்து நின்றாள்.

"கெர்லோஃப், எனக்கு அஞ்சாம் மாசம். மண்டி போட்டா இடுப்பெலும்பு ரெண்டா பிரியற மாதிரி வலிக்குது. மருத்துவச்சி குனியவே கூடாதுன்னுட்டாங்க. ஒரு டாக்கிங் ஸ்டேஷன் வாங்கிக் குடுங்க. அதுலேருந்து ஒரே வயர் கம்ப்யூட்டருக்குப் போயிடும், மத்ததெல்லாம் மேசை மேலேயே செருகிக்கலாம்."

"அதுக்கென்ன, தாராளமா! உடனே பணிக்குழு போட்டுடறேன்."

"பணிக்குழுவா? எதிர்க்கடையில தொங்குது கெர்லோஃப். நானே என் காசுல வாங்கிக்கறேனே."

சொந்தக் காசு! இப்படித்தான் சமுதாயங்கள் சீரழிகின்றன. இன்று இவள் சொந்தக் காசில் பெட்டி வாங்குவாள். நாளை மூன்றாம் கவுண்டர்க்காரன் சொந்தக் காசில் நாற்காலி வாங்குவான். பிறகு சமத்துவம் எங்கே போய் உட்காரும்? இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"சரி, அப்ப என்னையும் குழுவுல சேத்துக்கங்க" என்றாள்.

"ஐயையோ, நீ பாதிக்கப்பட்டவளாச்சே! நீ வந்தா பேச்சு சட்டுனு முடிஞ்சுடும்."

குழுவில் மூவர். தலைவர், நான். கொள்முதல் பிரிவு தியார்ட்: ஒரு யூரோ கையை விட்டுப் போனால் ஒரு வாரம் தூங்காத உத்தமன். 'நிலைத்த எதிர்காலம் மற்றும் குடிமக்கள் பங்கேற்பு' ஆலோசகர் மார்லூஸ்: அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்டால் அதற்கே ஒரு பயிலரங்கு நடத்திவிடுவாள். பட்ஜெட் நாற்பது யூரோ. எங்கள் பக்கத்தில் முடிவு எடுப்பது கிடையாது. எல்லோருக்கும் மனசு நிறையும்வரை பேசுவது, அவ்வளவுதான். ஒருவருக்கு லேசாக உறுத்தினாலும் அடுத்த கூட்டம்.

முதல் கூட்டத்திலேயே தியார்டுக்கு உறுத்தியது.

"எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம்யா. டாக்கிங்னா என்ன? கப்பல் வந்து கட்டற எடம். லேப்டாப் போகும், வரும். அதுக்கு ஒரு துறைமுகம் வேணும், ஒத்துக்கறேன். இது நகராத கம்ப்யூட்டர். வீட்டுக்கு எவனாவது துறைமுகம் கட்டுவானா?"

"நகராததுன்னு ஒதுக்கிடறதா?" என்றாள் மார்லூஸ், குரல் தழுதழுக்க. "தானும் இங்க ஒரு ஆள்தான்னு அதுக்குத் தோண வேணாமா, தியார்ட்?"

நாங்கள் நெகிழ்ந்துபோனோம். காபி வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிட்டு, கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

ஏப்ரல் முழுக்க ஆராய்ச்சி. மலிவான பெட்டிக்குச் சுற்றுச்சூழல் முத்திரை இல்லை. முத்திரை உள்ள பெட்டி பட்ஜெட்டைத் தாண்டியது. இரண்டும் சரியாக இருந்த ஒன்று கறுப்பு நிறம். எங்கள் மேசைகளோ 'அமைதியான வெள்ளை'. இதற்கு நடுவே தியார்ட், ஸ்வோலே ஊரில் எவரோ ஒருவர் பழைய டாக்கிங் ஸ்டேஷனை விற்கிறார் என்று இணையத்தில் கண்டுபிடித்து, நகராட்சியின் மின்சாரக் காரில் போய், வாசலில் நின்று நாலு யூரோ குறைத்துப் பேசி வாங்கி வந்தான். அதைச் சாதாரணக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் போன ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதவரை அது மகத்தான சேமிப்பு.

பெட்டியை இரண்டாம் கவுண்டருக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனோம். ஹிஸ்கே முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். ப்ளக் உள்ளே போகவில்லை. அது புது லேப்டாப்புக்கான சின்ன நீள்வட்ட ப்ளக். கம்ப்யூட்டரில் இருப்பது பழைய செவ்வக ஓட்டை.

"இது சேராதுங்க" என்றாள் ஹிஸ்கே, சிரிப்பு போய்.

"பெட்டி மேல தப்பே இல்ல" என்று தியார்ட் அடித்துச் சொன்னான். "நல்ல பெட்டி. கம்ப்யூட்டர்தான் சரியில்ல."

எவ்வளவு ஆழமான பார்வை! அந்தக் கணத்திலிருந்து பணிக்குழு, பெட்டிக்கேற்ற கம்ப்யூட்டரை ஆராயத் தொடங்கியது.

மே மாதம் பூலென்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் பாஸ்போர்ட் எடுக்க வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹிஸ்கே கீழே இறங்குவதைப் பார்த்தாராம்.

"ஏம்மா, பசு கன்னு போடற நேரத்துல நான் அதைத் தொழுவத்தை விட்டே நகத்த மாட்டேன். உன்னைப் போயி பிராண்ட விட்டிருக்கானுங்களே, பாவிங்க! எழுந்திரு. எந்த வயரைப் புடுங்கணும், சொல்லு."

அவரே உள்ளே போய் மாற்றிவிட்டு, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். விஷயம் மாடிக்கு எட்டியதும் மார்லூஸ் துள்ளிக் குதித்தாள்.

"கெர்லோஃப், இது என்னன்னு தெரியுதா? பங்கேற்பு! எத்தனை வருஷமா கூப்பிட்டோம், ஒருத்தராவது வந்தாங்களா? இப்ப ஜனங்க தானா வந்து நம்ம காலடியில குனியறாங்க!"

உடனே செயலில் இறங்கினோம். குனியும் குடிமக்களுக்காக நகராட்சிச் சின்னம் பொறித்த சணல் விரிப்பு ஒன்றை ஆர்டர் செய்தோம். அதன் விலை மூன்று டாக்கிங் ஸ்டேஷனுக்குச் சமம் என்று தியார்ட் முணுமுணுத்தது உண்மை. ஆனால் அது வேறு பட்ஜெட். பக்கத்து நகராட்சியிலிருந்து ஒரு குழு வந்து விரிப்பைப் படம் எடுத்துக்கொண்டு போனது.

ஆனால் எல்லாக் குடிமக்களாலும் குனிய முடியுமா? ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை, வந்திருந்தவர் கையில் கட்டு. ஹிஸ்கேதான் இறங்கினாள். இறங்கியவள் எழவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டுவிட்டது. மேசைக்கடியிலிருந்து அவள் போட்ட கூச்சல் எங்கள் கூட்ட அறைவரை கேட்டது. அப்போது நாங்கள் புதுக் கம்ப்யூட்டரின் நிறம் பற்றிய இறுதிக்கட்ட விவாதத்தில் இருந்தோம். மார்லூஸ் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கூட்டம் கலையவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். வரிசையில் நின்றவர்கள் மேசையையே தூக்கி நகர்த்தி அவளை வெளியே எடுத்தார்களாம். இதையும் மார்லூஸ் பங்கேற்பில் சேர்த்துக்கொண்டாள்.

ஜூலையில் குழந்தை பிறந்தது. மூன்று நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஹிஸ்கேயின் கணவன் வொப்பே, கூரை போடும் தொழிலாளி, இரண்டாம் கவுண்டருக்கு வந்தான். ஊழியர்களில் பாதிப் பேர் கேரவன் வண்டியை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் பிரான்சுக்குப் போயிருந்ததால், அன்று கவுண்டரில் நானே உட்கார்ந்திருந்தேன். குழந்தை பிறந்தால் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் கொண்டுவந்து ஆபீசில் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். வொப்பே வெறுங்கையோடு வந்தான். பெருந்தன்மையாக மன்னித்தேன்.

"வாழ்த்துகள் வொப்பே! பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"ஹிஸ்கே எப்படி இருக்கா?"

"ரெண்டு பக்கமும் கட்டை வச்சுக்கிட்டு நடக்கறா. குழந்தைய நான் தூக்கிக் குடுத்தாத்தான் உண்டு. நான் வேலைக்குப் போனா, தொட்டில்ல அது அழுதுகிட்டே கெடக்கும், இவ பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. எப்ப சரியாகும்னு டாக்டருக்கே தெரியல."

"அடடா! பணிக்குழு சார்புல என் ஆழ்ந்த..."

"கையெழுத்து எங்க போடணும்?"

கையெழுத்துப் பலகை கம்மென்று கிடந்தது. முந்தைய ஆளுக்காகக் கைரேகைக் கருவி செருகியிருந்தது. நான் வொப்பேயைப் பங்கேற்புக்கு அழைக்கும் பாவனையில் பார்த்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"என்னைப் பாக்காதீங்க. குனிங்க."

குனிந்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் மடக்கென்றது. உள்ளே இருட்டு, தூசி. கூண்டுக் கம்பியில் கை கிழிந்தது. ப்ளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் போகவில்லை, திருப்பிச் செருகினாலும் போகவில்லை, மறுபடி திருப்பினால் போகிறது. திரும்பும்போது மேசை மண்டையில் இடித்தது. எழ முயன்றேன். முடியவில்லை.

"வொப்பே, கொஞ்சம் கை குடுப்பா."

"குடுக்கலாமா வேணாமான்னு ஒரு பணிக்குழு போட்டுப் பாத்துடுவோமா?"

பிறகு கையைக் கொடுத்தான், அதையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டான். அவன் வாசலைத் தாண்டுமுன் நான் தாண்டினேன். நொண்டிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போய், என் சொந்தக் காசில், சரியான ப்ளக் உள்ள ஒரு டாக்கிங் ஸ்டேஷனை வாங்கிவந்து மேசைமேல் வைத்தேன். கறுப்பு நிறம்தான். தியார்டைக் கேட்கவில்லை. மார்லூஸுக்கு உறுத்துகிறதா என்று பார்க்கவில்லை. நான் ஆறவைத்துவிட்டுப் போன காபி, திரும்பி வந்தபோதும் சூடாகவே இருந்தது.

மார்ச்சிலிருந்து நடக்காதது அன்று எப்படி ஒரு காபி ஆறுவதற்குள் நடந்தது என்று சில பொறாமைக்காரர்கள் கேட்கிறார்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. எங்கள் நிர்வாகம் அவசர நிலையில் மின்னலாகச் செயல்படும். அதுவரை வலித்தது ஹிஸ்கேயின் இடுப்பு. அன்றுதான் முதல்முதலாகத் தலைவரின் முழங்கால் வலித்தது.