கார்லண்ட் வீட்டு டிரையரும் குடியிருப்போர் சங்கமும்

மனித குலம் வெயிலை வென்றுவிட்டது. அந்த வெற்றியை நேரில் காண விரும்புவோர் அரிசோனாவில் எங்கள் குடியிருப்புக்கு வரலாம். கோடையில் தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் சூட்டை வெளியே தள்ள ஓர் இயந்திரம் ஓடுகிறது. துணி காயவைப்பதற்காக அதே சூட்டை உள்ளே தயாரிக்க இன்னோர் இயந்திரம் ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதற்குத்தான் 'வாழ்க்கைத் தரம்' என்று பெயர்.

துணியை வெளியே காயப்போடுவதை எங்கள் குடியிருப்போர் சங்கம் தடை செய்திருக்கிறது. காரணம் உயர்வானது. காயும் துணியை யாராவது பார்த்துவிட்டால், இங்குள்ள மனிதர்களும் அழுக்காகிறார்கள் என்ற அவதூறு பரவும். வீட்டு விலை இறங்கிவிடும். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் அந்த விதியைப் பற்றி ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. யோசித்ததும் இல்லை.

எதிர்வீட்டு கார்லண்ட் ஸ்டப்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி நோரீன் டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ். அவர்கள் கார் நிறுத்தும் கராஜில் இருந்த, துணி காயவைக்கும் டிரையர் ஜூன் மாதத்தில் கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் அல்ல. நரி ஒன்றை வாலைப் பிடித்துச் சுழற்றினால் எப்படி இருக்குமோ, அப்படி. சங்கத் தலைவி மேவிஸ் பிராதர் முதலில் அனுப்பிய நோட்டீஸே 'அனுமதியின்றி வனவிலங்கு வளர்த்தல்' என்றுதான் இருந்தது. கார்லண்ட் விளக்கம் சொன்ன பிறகு அது 'பொது அமைதிக்குப் பங்கம்' என்று கருணையோடு திருத்தப்பட்டது. சனிக்கிழமை மதியத்துக்குள் சத்தம் நின்றாக வேண்டும்.

"மெக்கானிக்கைக் கூப்பிடேன்" என்றார் நோரீன்.

"என் வீட்டு மெஷினை வேற ஒருத்தன் வந்து திறக்கிறதா? எங்கப்பா ரெண்டு பல்லைத் தானே பிடுங்கிக்கிட்டவர்."

"அதனாலதான் அவர் கடைசி வரைக்கும் கஞ்சி குடிச்சார்."

சனிக்கிழமை காலை, சங்கத்தின் 'பார்வையாளர்' என்ற பொறுப்பில் நான் போய் டார்ச் பிடித்தேன். கார்லண்ட் பிளக்கைப் பிடுங்கினார். செல்போன் வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொல்லச் சொல்லத் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே இருந்த பெரிய உருளையை நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து வெளியே எடுத்தோம். அதைத் தாங்கும் சின்னச் சக்கரங்கள் தேய்ந்து போயிருந்தன. கத்தியது அவைதான். புதுச் சக்கரம் வாங்கி மாட்டுங்கள் என்று தாடிக்காரர் சொன்னார். கார்லண்ட் செல்போனை அணைத்து அவர் வாயை அடைத்துவிட்டு யோசனையில் ஆழ்ந்தார்.

"மெர்ல், உருளை சுத்துறதாலதானே சக்கரம் கத்துது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா."

"உருளையைச் சுத்துறது இந்த பெல்ட்தானே?"

"ஆமா."

"அப்ப குற்றவாளி யாரு?"

நான் மெய்சிலிர்த்துப் போனேன். பணியில் இருந்த காலம் முழுதும் புகாரை வேரோடு பிடுங்கிப் பழகிய மூளை அது. பெல்ட்டை அகற்றினார். மற்றதை எல்லாம் மாட்டினார். ஒரு கைப்பிடி சாமான்கள் மீந்தன. மீந்ததால்தான் அவற்றுக்கு உதிரி பாகம் என்று பெயர் என விளக்கினார்.

மேவிஸ் ஆய்வுக்கு வந்தார். கார்லண்ட் பொத்தானை அழுத்தினார். உள்ளே விளக்கு எரிந்தது. வேறெதுவும் நடக்கவில்லை. மேவிஸ் இயந்திரத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"அற்புதம், கார்லண்ட். தியானம் பண்ணுற மாதிரி இருக்கு."

"துணி காயாதே" என்றார் நோரீன்.

"புகார் சத்தத்தைப் பத்திதானே, நோரீன். துணியைப் பத்தி யாரும் புகார் கொடுக்கலையே. மெர்ல், தீர்ந்ததுன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். நோரீன் கையில் ஒரு கூடை இருந்தது. அவருடைய சீருடைகள் அத்தனையும் அதில் சொட்டச் சொட்டக் கிடந்தன.

"பன்னிரண்டு மணிக்கு எனக்கு டியூட்டி. ராத்திரியிலேர்ந்து நிக்கிற பொண்ணு, நான் போனாதான் வீட்டுக்குப் போவா. நாற்காலியில ஊசி குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட நான் குளியல் துண்டைச் சுத்திக்கிட்டுப் போகவா?"

நோரீன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலுக்குப் போனார். அங்கே கொடிக்கம்பத்தில் கார்லண்டின் கால்பந்து அணிக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் விதிப்படி கொடிக்கம்பம் வைக்கலாம். தேசக் கொடி, அணிக் கொடி, பூசணிக்காய்ப் படம் போட்ட கொடி, எதுவும் ஏற்றலாம். துணிக்கொடி மட்டும்தான் கூடாது. நோரீன் அணிக் கொடியை இறக்கினார். நீலச் சட்டையையும் கால்சட்டையையும் கயிற்றில் மாட்டி, உச்சி வரைக்கும் இழுத்துவிட்டார்.

மேவிஸின் முகம் சட்டையை விட நீலமானது. "அதை உடனே இறக்குங்க. தெருவில துணி காயப்போடக் கூடாது."

"காயப்போடலையே. கம்பத்துல கயிறு கட்டித் துணியைத் தொங்கவிடலாம்னு உங்க விதியிலேயே இருக்கு."

"அது கொடிக்கு."

"இதுவும் கொடிதான்."

"கார்லண்ட், நீங்க என்ன சொல்றீங்க?"

கார்லண்ட் மேலே பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தன் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் அவருக்கு இனி சாப்பாடு கிடைக்குமா என்பது அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. மெல்லத் தொப்பியைக் கழற்றினார். நிமிர்ந்து நின்றார். வலது கையை நெஞ்சில் வைத்தார்.

கொடியைக் கண்டால் நெஞ்சில் கை வைக்கப் பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கம் சும்மா விடுமா? என் கையும் நெஞ்சுக்குப் போய்விட்டது. மேவிஸ் தன் கையை இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தார். அதுவும் போய்விட்டது. நெஞ்சில் கை வைத்து நிற்பவர் அபராதம் விதிக்க முடியாது. நாங்கள் மூவரும் வெயிலில் அசையாமல் நின்றோம். ஒரு காபி குடிக்கும் நேரத்தில் சட்டை மொடமொடவென்று காய்ந்துவிட்டது. நோரீன் சீருடையை இறக்கி உடுத்திக்கொண்டு, காரில் ஏறி, சரியான நேரத்துக்கு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் தேசபக்தி பெருகிய வேகத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. வீட்டுக்கு வீடு கம்பம் முளைத்தது. மேவிஸ் வீட்டுக் கம்பத்தில் சரிகை மேசைவிரிப்பு ஒன்று பறந்தது. அது தன் முன்னோர் நாட்டுக் கொடி என்றார். மறுநாள் தலையணை உறைகள் ஏறியபோது, முன்னோர்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்றார். யார் வீட்டில் எது ஏறினாலும், சங்க நிர்வாகிகள் நெஞ்சில் கை வைத்து நிற்கிறோம்.

போன வாரம் நோரீன் என்னை நிறுத்திக் கேட்டார். "இதுக்குப் பேசாம அந்த விதியையே எடுத்துடலாமே, மெர்ல்?"

"எடுத்தா, இத்தனை வருஷமா முட்டாளா இருந்தோம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"அதனால?"

"அதனாலதான் சங்கத்தோட கௌரவத்தைக் காப்பாத்த, தினமும் காலையில உங்க புருஷனோட ஜட்டிக்கு எழுந்து நின்னு மரியாதை செய்யறோம்."