எத்தனைபேரும் பதினேழாவது கேள்வியும்

காரைக்காலில் யாரும் நிம்மதியாகக் கதை அளந்துவிட முடியாமல் போனதற்கு ஒரே ஒருத்திதான் காரணம். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. எங்கள் உளவியல் வகுப்புக்கு அவள் ‘எத்தனைபேரு’.

யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. கல்லூரி வாசல் கடைக்காரர், “நம்ம புரோட்டான்னா ஊரே அடிமை” என்பார்.

“எத்தனை பேருகிட்ட கேட்டீங்க நானா?” அவர்கள் வீட்டுப் பேச்சில் அண்ணன்தான் நானா.

“வர்றவங்க எல்லாருந்தான் சொல்றாங்க.”

“புடிக்காதவங்கதான் வரவே மாட்டாங்களே, அவங்கள யாரு கேக்குறது?”

அன்று முதல் அவளுக்கு மட்டும் சால்னா கரண்டியில் அளந்து ஊற்றப்பட்டது.

அவளுக்கு மாப்பிள்ளை பேச வந்த மாமி, “பையன் தங்கம்னு ஊரே சொல்லுது” என்றாராம். “அந்த ஊருல எத்தனை பேரு அவருக்குச் சொந்தம் மாமி?” என்று கேட்டிருக்கிறாள். மாமி டீயைத் தொடாமல் எழுந்து போனார். உம்மா அழுதார். கத்தாரிலிருந்த வாப்பா போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாராம்.

நான் விழிதியூர்க்காரன். உளவியல் படித்தால் அடுத்தவர் மனதில் இருப்பதைக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நம்பிச் சேர்ந்தவன். உள்ளே போனால் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு! கணக்குக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு முன்னால் கணக்கு பஸ் பிடித்து வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஆய்வுமுறைத் தாளில் ஒருமுறை கவிழ்ந்தேன். “இன்னொரு தடவ போச்சுன்னா படிப்ப விட்டுட்டு டிராக்டர்ல ஏறு” என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த டிராக்டருக்கும் என்னைப் பிடிக்காது. என்னைக் காப்பாற்ற மிச்சமிருந்தது ப்ராஜெக்ட் ஒன்றுதான். அதற்கு எனக்கு ஜோடியாக வாய்த்தவள் எத்தனைபேரு.

போன் அதிகம் பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குகிறார்களா என்பது தலைப்பு. கோட்டுச்சேரிமேட்டு மீனவர் குடும்பங்களில் நாற்பது பேரிடம் கேட்க வேண்டும், ஆளுக்கு இருபது. அவள் வெயிலில் அலைந்தாள். நான் பஸ் ஸ்டாண்டில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாக்களால், நடுநடுவே இடது கையாலும், இருபது படிவங்களையும் நானே நிரப்பினேன். கலைநயத்தோடுதான்.

அவள் நிதானமாகப் புரட்டினாள்.

“இருபது பேரும் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எந்திரிக்கிறாங்க.”

“ஒழுக்கமான ஊரு.”

“அப்ப விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போறது யாருடா? உன் டிராக்டரா?”

நான் பேனா மூடியைக் கடித்தேன்.

“அதக்கூட விடு. ஒருத்தர்கூட ஒரு கேள்விய காலியா விடல. மனுஷன்னா ஒண்ணாவது விடுவான். வெக்கப்படுவான், மறந்துபோவான், பொண்டாட்டி கூப்பிடுவா. இது இருபது பேரு இல்ல, நீயே இருபது தடவ!”

இருபதையும் கிழித்தாள். “சார்கிட்ட சொல்லமாட்டேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்து நில்லு.”

நின்றேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய், “விருப்பமில்லேன்னா எப்ப வேணாலும் எந்திரிச்சுப் போயிடலாங்க” என்று ஒப்புதல் வாசகத்தைப் பணிவாகப் படித்தேன்.

“இது என் வீட்டு வாசல் தம்பி. நான் எங்க எந்திரிச்சுப் போறது? நீதான் போகணும்!”

அடுத்தவரிடம், “போன் பாத்தா தூக்கம் கெடும்தானேண்ணே?” என்றேன். எத்தனைபேரு அந்தப் படிவத்தைக் குறுக்கே அடித்தாள். “பதில நீயே ஊட்டிவிட்டா அவரு வாய் எதுக்கு?”

நான்கு நாள். மூக்கு கருகி, சட்டையில் கருவாட்டு வாசனை குடியேறி, பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. ஆனால் இருபதும் நிஜம்.

கணினியில் ஏற்றினோம். ஒட்டுறவு பூஜ்யத்தின் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது. போனுக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே காணோம்.

“ஒத்துவராத நாலு பேரத் தூக்கிட்டா கொஞ்சம் ஏறும்” என்றேன், டிராக்டரை நினைத்துக்கொண்டு.

“அந்த நாலு பேரும் வேலைய விட்டுட்டு நமக்குப் பதில் சொன்னாங்க. ஒண்ணும் கெடைக்காதது கேவலம் இல்லடா. கெடைச்ச மாதிரி நடிக்கிறதுதான் கேவலம்.”

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். “என்ன கண்டுபிடிச்சீங்க?”

“ஒண்ணும் இல்லைங்க மேடம்” என்றாள் எத்தனைபேரு, மேடையேறிக் கோப்பை வாங்குகிறவளைப் போல. என் காதுக்குள் டிராக்டர் ஸ்டார்ட் ஆனது.

அம்மையார் படிவங்களைப் புரட்டினார். ஒன்றில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிவிட்டு என்னைப் பார்த்தார். “பதினேழாவது கேள்விய மட்டும் ஒம்பது பேர் விட்டிருக்காங்களே. ஏன்?”

நான் எத்தனைபேருவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு நடந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. எனக்கு விடை தெரிந்திருந்தது!

“அது, வீட்டுல தனிமையா இருக்குற மாதிரி தோணுதான்னு கேக்குற கேள்விங்க மேடம். நாங்க கேக்கும்போது வீட்டுக்காரரு, மாமியாரு எல்லாரும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அப்ப எப்புடிங்க சொல்லுவாங்க? கேள்வி சரிதான். நாங்க கேட்ட இடந்தான் தப்பு.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “இது எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“கருவாட்டுப் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டதுங்க.”

வாய்விட்டுச் சிரித்தார். பாஸ்! நல்ல மதிப்பெண்ணோடு பாஸ். அப்பா டிராக்டரை நிறுத்தி நிறுத்தி விழிதியூர் முழுக்கச் சொன்னார். நானோ, ஒன்றுமே கண்டுபிடிக்காததற்காக மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்த முதல் விஞ்ஞானி.

அவள் இப்போது புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவி. போன வாரம் போன் செய்தேன். “உன்னப் பத்திப் பத்திரிகைல எழுதுறேன். உன்ன மாதிரி ஒரு ஆள காரைக்கால்லயே பாக்க முடியாதுன்னு.”

“எத்தனை பேருகிட்ட கேட்ட?”

ஒருத்தனிடம்தான், என்னிடமே. அவனும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, அவளைப் பற்றிய ஒன்றை மட்டும் வெட்கப்பட்டுக் காலியாக விட்டிருக்கிறான். நிஜமான ஆள்தான்.