சிவப்பு அட்டை கட்டிய அடுப்பு

தன் வீட்டில் இனி விபத்தே நடக்கக் கூடாது என்று எபினேசர் சபதம் எடுத்தார். அதுவரை அந்த வீட்டில் நடந்த ஒரே விபத்து, அவர் மனைவி ஏஞ்சல் கரண்டு அடுப்பு வாங்கியதுதான்.

கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் அவருக்கு சேப்டி வேலை. மிஷினை ரிப்பேர் பார்க்க யார் இறங்கினாலும், அவர் பேர் எழுதிய சிவப்பு அட்டையை சுவிட்சில் மாட்ட வைப்பார். அட்டையில் பேர் உள்ளவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. வேலை முடியாமல் அவரும் நகரக் கூடாது.

வீட்டிலும் மனுசனுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. பாதி வழி ஹாலுக்குப் போவார், திரும்பி சமையல்கட்டுக்கே வருவார். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்பார். அடி தட்டையான பாத்திரம் எங்கே என்பார். மூடி போடாமல் கரண்டை வீணாக்குறியே என்பார். கொஞ்சம் முன்னாடியே அணைச்சா, கண்ணாடித் தட்டுச் சூட்டிலேயே மிச்சம் வெந்துடும் என்பார். சொன்னதெல்லாம் சரிதான். அதுதான் ஏஞ்சலுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை ரசம் பொங்கியது. அணைக்க ஈரக் கையை நீட்டினாள். பார்த்துவிட்டார். சிவப்பு அட்டையில் தன் பேரை எழுதி அடுப்பு சுவிட்சில் கட்டிவிட்டார்.

"டிரெய்னிங் முடியற வரைக்கும் நீ தொடாதமே."

சண்டைக்கு வருவாள் என்று நின்றார். அவள் "சரிங்க" என்றாள். அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அவர் நெனப்பெல்லாம் சனிக்கிழமை மேல் இருந்தது. மச்சான் ராபினோடு பழவேற்காடு போய் நண்டு வாங்கணும்; வாரம் பூரா அதே தவிப்பு.

சனிக்கிழமை காலையில் ஏஞ்சல் ஆட்டுக்கால் சட்டியை அடுப்பில் வைத்தாள். "நீங்களே ஆன் பண்ணுங்க." கையைத் துடைத்துவிட்டுப் பெருமையாக ஆன் பண்ணினார். வாசலில் ராபின் வண்டி ஹாரன் அடித்தது. எபினேசர் செருப்பில் காலை நுழைத்தார்.

"இன்னாங்க, எரியற அடுப்பை உட்டுட்டு எங்க கெளம்பிக்கினீங்க?"

"நீ பாத்துக்கோ."

"அட்டையில எம் பேரா இருக்குது?"

"கழட்டிட்டா போச்சு" என்று கையை நீட்டினார்.

ராபின் அதற்குள் உள்ளே வந்துவிட்டான். ஏஞ்சலுக்குத் தம்பி, அதே மில்லில் மிஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர். அட்டை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனான் என்று போன மாசம்தான் மாமா அவனை எல்லார் எதிரிலும் நிற்க வைத்துப் பாடம் எடுத்திருந்தார்.

"வேலை முடியாம கழட்டலாமா மாமா?" என்று மெதுவாகத்தான் கேட்டான்.

திங்கட்கிழமை மில்லு சிரிக்கப்போகும் சிரிப்பு இப்பவே எபினேசர் காதில் விழுந்தது. நீட்டிய கை தானாக மடங்கியது. அணைத்துவிட்டுப் போகிறேன் என்றார். தாராளமா போங்க, பாஸ்டர் ஐயாவை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது நீங்கதானே என்றாள் ஏஞ்சல்.

"அப்ப நண்டு?"

ஏஞ்சல் கையில் ஏற்கெனவே பை இருந்தது. போய்த் தம்பி வண்டியில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்து, தெரு முனையில் நின்றது. மனசு மாறிட்டாளோ என்று எபினேசர் ஜன்னலுக்கு ஓடினார்.

"ஏங்க, சட்டிக்கு மூடி போட்டீங்களா?"

திரும்பிப் பார்த்தார். போடவில்லை.